ஓட்டு 'கேன்வாஸ்' பண்ணுவதற்கும் கேன்வாஸ் துணிக்கும் என்ன சம்பந்தம்?

நெல்லைவாசகி:

தேர்தல் வந்துவிட்டால் 'அண்ணன் கேன்வாஸுக்குப் போயிருக்கார்', 'நம்ம தெருவுல கேன்வாஸ் முடிஞ்சுது' என்று எங்கும் காதில் விழுகிறது. இன்சூரன்ஸுக்கு ஆள் பிடிப்பதும் தனியார் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதும்கூட 'கேன்வாஸ்'தான். ஆனால் கேன்வாஸ் என்றால் கித்தான். ஓவியம் வரைகிற துணி, ஷூவின் மேல்துணி, கூடாரத் துணி. இரண்டும் ஒரே சொல்லா, உச்சரிப்பில் மட்டும் ஒத்துப்போகிற இரண்டு சொற்களா?

இன்னும் இரண்டு இடங்களில் இந்தச் சொல் குழப்புகிறது. அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் வாக்குப்பதிவு முடிந்து சில நாள் கழித்து 'கவுன்டியில் கேன்வாஸ் நடக்கிறது' என்று வருகிறது (கவுன்டி என்பது அங்கே நம் மாவட்டம் மாதிரி). ஓட்டுப் போட்டு முடித்த பிறகு யாரிடம் போய் ஓட்டு கேட்பார்கள்? அடுத்தது, அரசு வேலை அறிவிப்புகளின் கடைசியில் 'எந்த வகையிலாவது கேன்வாஸ் செய்தால் தகுதியிழப்பு' என்ற வரி. பரீட்சை எழுதப் போகிறவர் எதைப் பிரசாரம் செய்வார்?

மொழிபெயர்ப்பு வேலைக்காகக் கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் 'பிரசாரம்' என்று போட்டால் சரியாக வருமா?

வேர்ச்சொல்தேடி:

ஒரே சொல்தான். துணி மூத்தது, ஓட்டு பின்னால் வந்தது.

துணியின் பெயருக்கு அடி லத்தீன் 'கன்னாபிஸ்', அதாவது கஞ்சாச் செடி. அந்தச் செடியினத்தின் தண்டிலிருந்து நாரை உரித்து, நூற்று, நெருக்கமாக நெய்தால் முரட்டுத் துணி கிடைக்கும். கப்பல் பாய்க்கும் கூடாரத்துக்கும் சாக்குக்கும் ஐரோப்பாவில் நெடுங்காலம் அந்தத் துணிதான். 'கஞ்சா நாரால் ஆனது' என்ற பொருளில் பேச்சு லத்தீனில் இருந்த சொல், பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் 'கேன்வாஸ்' ஆனது.

1500-ஐ ஒட்டி அது வினைச்சொல்லாக மாறியது. அப்போது அதற்கு ஓட்டு கேட்பது என்ற பொருளே கிடையாது. ஒரு ஆளைக் கித்தானில் கிடத்தி, சுற்றி நின்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மேலே தூக்கித் தூக்கிப் போடுவதைத்தான் அந்த வினை குறித்தது. விளையாட்டுக்கும் செய்வார்கள், ஒருவரை அவமானப்படுத்தவும் செய்வார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' முதல் பாகத்தில் குளொஸ்டர் கோமகன் வின்செஸ்டர் ஆயரைப் பார்த்து, 'உன் அகலமான கார்டினல் தொப்பியிலேயே உன்னைக் கேன்வாஸ் பண்ணுகிறேன்' என்று மிரட்டுவார். தொப்பியை விரித்து அதில் போட்டுத் தூக்கி எறிவேன் என்று அர்த்தம். ஓட்டு என்று புரிந்துகொண்டால் அந்த வரிக்குப் பொருளே இருக்காது. தூக்கிப் போடுவதோடு, துணியில் கொட்டிச் சலிப்பது என்ற பொருளும் அடியில் இருந்திருக்கலாம் என்று சொல்லும் அகராதிகளும் உண்டு.

1520-களில் பொருள் நகர்ந்துவிட்டது: ஒரு விஷயத்தை உலுக்கி, உதறி, நன்றாக ஆராய்வது. 1550-களில் அடுத்த நகர்வு: ஆதரவு கேட்டுப் போவது, ஓட்டு கேட்பது.

கைவேலைச் சொல் ஒன்று மூளைவேலைச் சொல்லாக மாறுவது தமிழருக்குப் புதிதில்லை. 'அலசி ஆராய்ந்தார்கள்' என்கிறோம். அலசுவது துணியைத் தண்ணீரில் போட்டுச் செய்வது. 'ஊரையே சல்லடை போட்டுச் சலித்தாச்சு' என்கிறோம். 'துருவித் துருவிக் கேட்டான்' என்கிறோம். துருவுவது தேங்காயில் செய்வது. ஆங்கிலேயர் கித்தானை உதறினார்கள், நாம் துணியை அலசினோம். வேலை ஒன்றுதான்.

அலசுவதிலிருந்து ஓட்டு கேட்பதற்கு எப்படித் தாவியது என்பதில் அகராதிக்காரர்கள் அழுத்திச் சொல்ல மாட்டார்கள். என் கணிப்பைச் சொல்கிறேன். ஓட்டு கேட்பவன் வெறுமனே கேட்டுவிட்டு வருவதில்லை. இந்த ஊரில் நமக்கு எத்தனை, எதிராளிக்கு எத்தனை, எத்தனை பேர் மதில்மேல் பூனை என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறான். அந்தப் பிரித்துப் பார்ப்பதுதான் கேன்வாஸ். கேட்பது அதற்கான வழி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மற்ற சந்தேகங்களில் பாதி தானாகத் தீரும்.

எழுத்து விஷயம்: ஆங்கிலத்தில் துணிக்குக் கடைசியில் ஒரு 'எஸ்', ஓட்டுக்கு இரண்டு 'எஸ்' என்று காலப்போக்கில் பிரித்துக்கொண்டார்கள். தமிழில் எழுதும்போது இரண்டும் 'கேன்வாஸ்' என்று ஒன்றாகிவிடுவதால்தான் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்கிறது. ஆங்கிலம் மட்டும் படிக்கிறவர் பலருக்கு இரண்டும் ஒன்று என்றே தோன்றாது.

ஏட்டுச்சுவடி:

வேர்ச்சொல்தேடி சொன்ன கணிப்புக்கு இங்கிலாந்துத் தேர்தல் வரலாறு நல்ல துணை.

அங்கே 1872 வரை ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. வாக்காளர் மேடையேறி, யாருக்கு ஓட்டு என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். எழுத்தர் ஏட்டில் எழுதிக்கொள்வார். யார் யாருக்குப் போட்டார் என்ற அந்த ஏடுகளை அச்சிட்டு விற்றதும் உண்டு. ஆகவே ஒரு வேட்பாளரின் ஆட்கள் முன்கூட்டியே வீடு வீடாகப் போய் வாங்கி வந்த வாக்குறுதி வெறும் வாய்வார்த்தை இல்லை. சொன்னபடி போட்டாரா என்று ஏட்டைத் திறந்து சரிபார்த்துவிடலாம். போடாதவர் குத்தகை நிலம் போகும், கடையில் கடன் நிற்கும்.

இதனால் கேன்வாஸே பாதித் தேர்தல். 18-ஆம் நூற்றாண்டில் ஒருவர் போட்டியிடப்போவதாக அறிவிப்பார், ஊரைக் கேன்வாஸ் செய்வார், கணக்குப் போட்டுப் பார்ப்பார், தேறாது என்று தெரிந்தால் வாக்குப்பதிவுக்கு முன்பே விலகிவிடுவார். பல தொகுதிகளில் ஓட்டுப்பதிவே நடக்காமல் உறுப்பினர் தேர்வாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஓட்டுப்பதிவு என்றால் வாக்காளரை வண்டி வைத்துக் கூட்டிவந்து, நாள்கணக்கில் சாப்பாடும் சாராயமும் போட வேண்டும். தோற்பதற்கு அத்தனை செலவு செய்ய யாருக்கும் மனம் வராது. அப்படியானால் கேன்வாஸ் என்பது அங்கே முதலில் ஒரு கணக்கெடுப்பு.

அதன் அசிங்கமான பக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் வில்லியம் ஹோகார்த் வரைந்த தேர்தல் ஓவியங்கள் நான்கில் இரண்டாவதைப் பாருங்கள். பெயரே 'ஓட்டுக் கேன்வாஸ்'. 1754 ஆக்ஸ்போர்டுஷயர் தேர்தலை வைத்து வரைந்தது, இப்போது லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு வாக்காளர் நிற்கிறார். இந்தப் பக்கம் ஒரு கட்சியின் ஏஜென்ட், அந்தப் பக்கம் இன்னொரு கட்சியின் ஏஜென்ட், இருவரும் ஒரே நேரத்தில் அவரை விலை பேசுகிறார்கள். ஓட்டுக்குப் பணம் என்பது ஏதோ நம் ஊரில் முளைத்த நோய் என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு படத்தை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும்.

1784 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலையும் சொல்ல வேண்டும். 40 நாள் நீடித்த வாக்குப்பதிவு. வேட்பாளர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்காக டெவன்ஷயர் சீமாட்டி ஜார்ஜியானா தெருவில் இறங்கிக் கடைக்காரர்களிடம் நேரே போய் ஓட்டு கேட்டார். முத்தம் கொடுத்து ஓட்டு வாங்குகிறார் என்று கேலிச்சித்திரக்காரர்கள் அவரைக் கிழித்தார்கள். ஓட்டுரிமையே இல்லாத ஒரு பெண் தொகுதியைக் கேன்வாஸ் செய்ததுதான் அவர்களுக்கு உறுத்தியது.

1872-இல் ரகசிய வாக்கெடுப்புச் சட்டம் வந்தது. அந்த ஆகஸ்டில் பான்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலில் முதல் தடவையாகப் பெட்டியில் ஓட்டுப் போட்டார்கள். வாக்குறுதியைச் சரிபார்க்கும் ஏடு ஒழிந்தது. 1883 சட்டம் தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு வைத்து, கூலி ஆட்களையும் கட்டுப்படுத்தியது. இன்றைய பிரிட்டிஷ் சட்டத்தில், அதாவது 1983 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 111-ஆம் பிரிவில், சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக் கேன்வாஸ் செய்வது குற்றம். துண்டுத்தாள் போடக் கூலி கொடுக்கலாம், கதவைத் தட்டி ஓட்டு கேட்கக் கூலி கொடுக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை மொழிபெயர்க்கும்போது இரண்டுக்கும் 'பிரசாரம்' என்று போட்டால் சட்டமே தலைகீழாகிவிடும்.

கடல்கடந்தவன்:

பிரிட்டனில் இன்று அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளியும்.

வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாக, ஒற்றைப்படை வீடுகள் தனி, இரட்டைப்படை வீடுகள் தனி என்று அச்சிட்டு ஒரு அட்டையில் செருகுவார்கள். ஒருவர் அட்டையோடு தெருவிலேயே நிற்பார். நாலைந்து பேர் கதவு கதவாகப் போவார்கள். அட்டைக்காரர் 'பதினாலாம் நம்பர், இன்னார்' என்று சொல்லி அனுப்ப, போனவர் பேசிவிட்டு வந்து ஒரே ஒரு குறியைச் சொல்வார்: நம்மவர், எதிர்க்கட்சி, முடிவு செய்யவில்லை, சொல்ல மறுத்தார், வீட்டில் இல்லை. அட்டைக்காரர் குறித்துக்கொள்வார். கதவருகே வாதம் வளர்ந்தால் அட்டைக்காரர் கூப்பிட்டுவிடுவார். ஒரு வீட்டில் இருபது நிமிடம் வாதாடினால் பத்து வீடு போச்சு. அங்கே அவர்கள் போனது யாரையும் மாற்றுவதற்கு இல்லை, குறியெடுப்பதற்கு.

குறியின் பயன் வாக்குப்பதிவு அன்றுதான். சாவடி வாசலில் கட்சிக்கு ஒருவர் உட்கார்ந்து, ஓட்டுப் போட வருபவரின் பட்டியல் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வார் (யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க மாட்டார், எண் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை). எண்கள் கட்சி அறைக்குப் போகும். அங்கே 'நம்மவர்' என்று குறித்த பெயர்களில் ஓட்டுப் போட்டவர்களை அடித்துக்கொண்டே வருவார்கள். மிஞ்சிய வீடுகளுக்குச் சாயங்காலம் ஆள் போகும்: 'இன்னும் போடலையே, பத்து மணிக்கு மூடிடுவாங்க.' ரெடிங் தொகுதியில் 1945-இல் வென்ற இயன் மிகார்டோவின் ஏற்பாட்டில் இது ஒரு முறையாகவே உருவானது. பெயர்ப் பட்டியலைக் கார்பன் வைத்துப் பல படிகள் எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் மேல்தாளைக் கிழித்துக் கொடுத்து அனுப்புவார்கள். அதற்கு 'ரெடிங் முறை' என்றே பெயர். இன்று கைப்பேசிச் செயலி அதே வேலையைச் செய்கிறது.

அமெரிக்காவில் எழுத்துக் குறிக்குப் பதில் 1 முதல் 5 வரை எண். 1 உறுதியான ஆதரவு, 5 உறுதியான எதிர்ப்பு. கவனம் போவது பெரும்பாலும் 3-க்கும், ஓட்டுச் சாவடிக்கு வர அலுத்துக்கொள்ளும் 1, 2-க்கும். 5 என்று குறித்த வீட்டுக் கதவை மறுபடி தட்டவே மாட்டார்கள்.

இதன் பலன் எவ்வளவு என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் 1998-இல் நியூ ஹேவனில் ஏறக்குறைய 30,000 வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு நேரில் ஆள், சிலருக்குக் கடிதம், சிலருக்குத் தொலைபேசி என்று அனுப்பினார்கள். நேரில் ஆள் போன வீடுகளில் வாக்களிக்க வந்தவர் எண்ணிக்கை நன்றாக ஏறியது. கடிதத்தால் கொஞ்சம் ஏறியது. தொலைபேசியால் ஒன்றுமில்லை. ஆனால் இது ஓட்டுப் போட வைப்பதைப் பற்றிய கணக்கு. 'எதிராளி ஓட்டை நம் பக்கம் திருப்ப முடியுமா' என்பது வேறு கேள்வி. ஜோஷுவா கல்லாவும் டேவிட் புரூக்மனும் 49 கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் எழுதியது, பொதுத்தேர்தலில் அந்தத் திருப்பும் பலன் சராசரியாகச் சுழி என்று. சலித்தெடுக்க உதவும், மாற்ற உதவாது. சொல்லின் பழைய பொருள் எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள்.

பாகம்112:

நம்ம பக்கத்து விஷயம் நான் சொல்றேன்.

முதல்ல சட்டம். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 130-ஆம் பிரிவு: வாக்குப்பதிவு அன்னிக்கு, சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள்ள, பொது இடமா இருந்தாலும் தனியார் இடமா இருந்தாலும் செய்யக் கூடாதது அஞ்சு. (அ) கேன்வாஸ் செய்றது, (ஆ) ஓட்டு கேக்குறது, (இ) இன்னாருக்குப் போடாதேன்னு சொல்றது, (ஈ) ஓட்டே போடாதேன்னு சொல்றது, (உ) தேர்தல் சம்பந்தமா விளம்பரம், சின்னம் காட்டுறது. மீறினா 250 ரூபாய் வரைக்கும் அபராதம். இதுல அ-வையும் ஆ-வையும் தனித்தனியா வச்சிருக்காங்கங்கறதைக் கவனிங்க. சட்டம் எழுதுறவங்க எதுவும் நழுவிடக் கூடாதுன்னு ஒரே அர்த்தத்துக்கு ரெண்டு சொல் போடுறது வழக்கம்தான், அதனால இதை மட்டும் வச்சு ரொம்ப இழுக்க முடியாது. இருந்தாலும் மொழிபெயர்க்கும்போது ரெண்டுக்கும் 'வாக்குச் சேகரித்தல்'னு போட்டா ஒரு உட்பிரிவு வீணாப் போயிடும். நானா இருந்தா முதலாவதுக்கு 'ஆதரவு திரட்டல்', ரெண்டாவதுக்கு 'வாக்குக் கேட்டல்'னு போடுவேன்.

126-ஆம் பிரிவை இதோட போட்டுக் குழப்பிக்கிறவங்க ரொம்பப் பேர். வாக்குப்பதிவு முடியுற நேரத்துக்கு முந்தின 48 மணி நேரம் பொதுக்கூட்டம், ஊர்வலம், தொலைக்காட்சி, சினிமாக் காட்சி, பாட்டு, நாடகம் வச்சு ஆள் சேக்குறது கூடாது. வீடு வீடாப் போறது அந்தப் பட்டியல்ல இல்லை. அதனாலதான் மைக் சத்தம் நின்ன பிறகும் ரெண்டு மூணு பேரா வாசப்படிக்கு வர்றாங்க. வெளித்தொகுதி ஆளுங்க மட்டும் அந்த நேரத்துல தொகுதியில தங்கக் கூடாது, இது தேர்தல் ஆணையத்தோட உத்தரவு.

அடுத்தது வேலை. நம்ம ஊர்ல 'கேன்வாஸ்'னா முக்கால்வாசி வேட்பாளர் திறந்த வண்டியில கும்பிட்டுக்கிட்டே போறதைச் சொல்றாங்க. அது பரப்புரை. நிஜமான கேன்வாஸ் பாகம் பாகமா நடக்குறது. பாகம்னா ஒரு சாவடிக்கான வாக்காளர் பட்டியல். ஒரு சாவடிக்கு 1,500 ஓட்டு வரைக்கும் இருந்ததை ஆணையம் 2025-ல 1,200-ன்னு குறைச்சுது. பட்டியல்ல ஒரு பக்கத்துக்கு 30 பெயர், ஆக 40 பக்கம். வீட்டுக்கு மூணு ஓட்டுன்னு வச்சா 400 வீடு. வீட்டுக்கு மூணு நிமிஷம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னா ஒரு ஜோடி ஒரு நாளைக்கு 40 வீடு பார்க்கும். ஒரு பாகத்தை ஒரு சுத்து முடிக்கவே பத்து நாள். பூட்டின வீட்டுக்கு மறுபடி போறது தனி. வட மாநிலங்கள்ல பக்கத்துக்கு ஒரு ஆள்னு பொறுப்பு கொடுத்து 'பன்னா பிரமுக்'னு கூப்பிடுறதும் இந்தக் கணக்கை வச்சுதான். 'பன்னா'ன்னா ஏட்டுப் பக்கம்.

எங்கே சொதப்பும்னா, முதலாவது, நம்ம ஜனங்க வாசலுக்கு வந்தவங்களை முகத்துக்கு நேரா 'இல்லை'ன்னு சொல்ல மாட்டாங்க. 'பாத்துக்கலாம்', 'உங்களுக்கு இல்லாமலா', தலையாட்டல். இது எல்லாத்தையும் நம்ம ஓட்டுன்னு குறிச்சா 1,200-ல 900 நமக்குன்னு நோட்டு சொல்லும், பெட்டி வேற சொல்லும். 'பாத்துக்கலாம்'னா சந்தேகக் கணக்குல எழுதணும். அவங்களா ஒரு கேள்வி கேட்டாலோ, 'ஆயாவைக் கூட்டிட்டு வர வண்டி கிடைக்குமா'ன்னு கேட்டாலோதான் உறுதி. வண்டி நீங்களே ஏற்பாடு பண்ணக் கூடாது, வாக்காளரைச் சாவடிக்கு வாகனத்துல ஏத்திட்டுப் போறது ஊழல் நடவடிக்கை. அந்தக் கேள்வி மனசைக் காட்டுதுங்கறதுக்காகச் சொல்றேன்.

ரெண்டாவது, வாசல்ல நின்ன ஒரு ஆம்பளை சொன்னதை வீட்டு ஓட்டு நாலுக்கும் எழுதிடுறது. பெண்கள் ஓட்டு தனியா விழுதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் நோட்டுல இந்தத் தப்பு திரும்பத் திரும்ப நடக்கும். பெயருக்குப் பெயர் குறி போடணும்.

மூணாவது, செத்தவங்க, குடிபோனவங்க பெயர். பட்டியலை வச்சு முதல் சுத்துலயே அடையாளம் வைக்கலைன்னா, அன்னிக்கு அந்தப் பெயர்ல வேற ஆள் வந்து நின்னா ஏஜென்டால எதுவும் சொல்ல முடியாது. வாக்குச்சாவடி அலுவலர்கிட்ட வராதவர், மாறினவர், இறந்தவர்னு ஒரு பட்டியல் இருக்கும். அதோட நம்ம குறியை ஒத்துப் பார்த்துக்கணும்.

சிலிப் விஷயமும் இதுல சேரும். கட்சிக்காரங்க கொடுக்குற அடையாளச் சீட்டு வெறும் வெள்ளைத்தாள்ல இருக்கணும், கட்சி பெயர், வேட்பாளர் பெயர், சின்னம் எதுவும் கூடாது, இது நன்னடத்தை விதி. பாக எண், வரிசை எண், பெயர், சாவடி, அவ்வளவுதான். சீட்டு கொடுக்கப் போறப்பதான் கடைசிச் சுத்துக் குறியை எடுப்பாங்க. பேச வேண்டிய சாக்கு கையிலேயே இருக்கும்.

நெல்லைவாசகி:

எல்லாருக்கும் நன்றி. அமெரிக்காவில் ஓட்டு முடிந்த பிறகு நடக்கும் கேன்வாஸும், வேலை அறிவிப்பும் மட்டும் பாக்கி. அதோடு, வேட்பாளர் வெள்ளை உடுத்தி வீடு வீடாக வந்தது ரோமாபுரிப் பழக்கம் என்று ஒரு பேச்சு உண்டே, அதற்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு இருக்கிறதா?

வேர்ச்சொல்தேடி:

அமெரிக்க கேன்வாஸ், 'ஆராய்ந்து சரிபார்ப்பது' என்ற 1520-களின் பொருளிலிருந்து நேராகக் கிளைத்தது. ஓட்டு கேட்பதைத் தொடவே இல்லை. தேர்தல் இரவில் நாம் பார்ப்பது அதிகாரபூர்வமற்ற எண்ணிக்கை. அதன் பிறகு கவுன்டி அதிகாரிகள் சாவடிக் கணக்கையும் கையெழுத்துப் பதிவையும் ஒப்பிடுவார்கள், அடையாளம் உறுதியாகாமல் தற்காலிகமாக வாங்கி வைத்த ஓட்டுகளை ஏற்பதா என்று முடிவு செய்வார்கள், கூட்டல் பிழைகளைத் திருத்துவார்கள், கடைசியில் முடிவுக்குச் சான்று கொடுப்பார்கள். இந்த முழு வேலைக்கும் பெயர் கேன்வாஸ், செய்கிற குழு 'கேன்வாஸிங் போர்டு'. 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் துளை சரியாக விழாத வாக்குச்சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த அதிகாரிகளின் படம் உலகம் முழுக்க வந்ததே, அவர்கள் அங்குள்ள கவுன்டிகளின் கேன்வாஸிங் போர்டுக்காரர்கள்தான். கடைசியில் 537 ஓட்டு வித்தியாசத்தில் புஷ் அந்த மாநிலத்தை எடுத்தார். இதைப் 'பிரசார வாரியம்' என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவுமே விளங்காது. 'வாக்குச் சரிபார்ப்பு வாரியம்' என்று போடுங்கள்.

பிலிப்பைன்ஸும் இதே வழக்கம்தான். அங்கே குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவை நாடாளுமன்றமே கூடி 'கேன்வாஸ்' செய்து அறிவிக்க வேண்டும் என்பது 1987 அரசமைப்பில் இருக்கிறது.

வேலை அறிவிப்பில் உள்ளது ஓட்டுப் பொருளின் கிளை. தேர்வுக்குழு உறுப்பினரையோ மேலதிகாரியையோ அரசியல்வாதியையோ பிடித்து ஆதரவு தேடுவது. 'சிபாரிசு பிடித்தல்' என்பதுதான் நம் வாயில் வருகிற சொல். கொஞ்சம் முறையாக வேண்டுமென்றால் 'எவ்வகையிலும் பரிந்துரை தேட முயன்றால் தகுதியிழப்பு'.

ரோம் விஷயம் உண்மைதான், ஆனால் அது வேறு சொற்களின் கதை. பதவிக்குப் போட்டியிடுகிறவர் சுண்ணம் தேய்த்து வெளுத்த மேலாடை அணிவார். 'கந்திதுஸ்' என்றால் பளீர் வெள்ளை. அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'கேண்டிடேட்'. ஓட்டு கேட்டு ஊரைச் சுற்றுவதற்கு 'சுற்றி நடப்பது' என்ற பொருளில் 'அம்பிட்டியோ' என்று பெயர். அதுவே ஆங்கிலத்தில் ஆசை, பதவி வேட்கை என்று ஆகிவிட்டது. எதிரில் வருபவர் பெயரைக் காதோடு காதாகச் சொல்லிக்கொடுக்க ஓர் அடிமை கூடவே வருவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைகுலுக்கினால் ஓட்டு விழும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ரோமர் நடையை வைத்துப் பெயரிட்டார்கள், ஆங்கிலேயர் சலிப்பதை வைத்து, நாம் 'ஓட்டு கேட்டு வர்றாங்க' என்று கேட்பதையும் வருவதையும் சேர்த்து. தமிழ் 'வேட்பாளர்' என்ற சொல்லில் உடை இல்லை, வேட்பு என்றால் விருப்பம். வேட்டிக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டு யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

மெய்ப்புநோக்கி:

எழுத்துப் பற்றி ஒரு வார்த்தை. 'பிரசாரம்', 'பிரச்சாரம்' இரண்டும் அச்சில் வருகின்றன. வடமொழி மூலத்தில் ச இரட்டிக்கவில்லை, ஆகவே 'பிரசாரம்' மூலத்துக்கு நெருக்கம். 'பரப்புரை' என்று எழுதினால் இந்தத் தகராறே இல்லை. எதை எடுத்தாலும் ஒரு நூலுக்குள் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

'கேன்வாஸ்' வேறு எழுத்துக்கூட்டலிலும் வரும். 'கான்வாஸ்' என்று எழுதினால் ஓவியத் துணி என்றுதான் முதலில் மனதில் படும். ஒரே பக்கத்தில் துணியும் ஓட்டும் வருமானால் துணிக்குக் 'கித்தான்' என்று போட்டுவிடுங்கள். உரையாடலில் பாத்திரம் பேசுகிற இடத்தில் மட்டும் 'கேன்வாஸ்' அப்படியே இருக்கட்டும். 'அண்ணன் வாக்குச் சேகரிப்புக்குப் போயிருக்கார்' என்று எந்தத் தெருவிலும் யாரும் சொல்வதில்லை.

நெல்லைவாசகி:

குறித்துக்கொண்டேன். கட்சி வேலை என்றால் 'வீடு வீடாக ஆதரவு திரட்டல்', அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் முடிவு அறிவிப்பு என்றால் 'வாக்குச் சரிபார்ப்பு', வேலை அறிவிப்பு என்றால் 'பரிந்துரை தேடல்'. பிரிட்டிஷ் கட்சி அட்டையில் வரும் 'கேன்வாஸ் ரிட்டர்ன்' மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஓட்டு கேட்டுவிட்டு திரும்பி வருவதா?

கடல்கடந்தவன்:

இல்லை. 'ரிட்டர்ன்' என்பது அங்கே கணக்குத் தாக்கல், வருமான வரி ரிட்டர்ன் மாதிரி. தெருவை முடித்துவிட்டுக் கட்சி அறையில் கொடுக்கும் குறித்த தாள். 'ஆதரவுக் கணக்குத் தாள்' என்று போடலாம். பாகம்112 சொன்ன நோட்டு அதுதான்.